பாஸ்வேர்ட் ஃபைல் மாதிரியே இருக்கும், ஆனால் ஷார்ட்கட்

மெயிலில் ஒரு ஜிப் வருகிறது. உள்ளே ஒரு பிடிஎஃப், பக்கத்திலேயே நோட்பேட் ஐகானோடு பாஸ்வேர்ட்.டிஎக்ஸ்டி. பிடிஎஃப் பாஸ்வேர்ட் கேட்கும், உடனே கை அந்தச் சின்ன ஃபைலுக்குத்தான் போகும். பொறியே அதுதான். அது டெக்ஸ்ட் ஃபைலே இல்லை, கிளிக் பண்ணினால் வேறொரு கட்டளையை ஓட்டிவிடும் ஷார்ட்கட். உங்களை அங்கே கொண்டுபோகத்தான் பிடிஎஃப்பைப் பூட்டியே அனுப்புகிறார்கள். வட கொரியாவோடு தொடர்புபடுத்தப்படும் புளூநோராஃப் குழு கிரிப்டோ நிறுவன ஊழியர்களிடம் இதைத்தான் செய்தது.

முதலில், எதையும் டபுள் கிளிக் பண்ணாதீர்கள்.

அடுத்து, விண்டோஸ் 11 ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று போய் ஆன் பண்ணுங்கள். ஃபைல் எந்த வகை என்று சொல்லும், பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின்னால் வரும் வால்தான் எக்ஸ்டென்ஷன். 2000-ல் ஐ லவ் யூ வைரஸ் பரவியபோது பெயரின் கடைசியில் இருந்த விபிஎஸ் (ஓடக்கூடிய ஸ்கிரிப்ட் என்பதற்கான வால்) மறைந்து, டிஎக்ஸ்டி மட்டும் தெரிந்ததால்தான் நிறைய பேர் அதைக் கடிதம் என்று நம்பித் திறந்தார்கள். ஆனால் இது மட்டும் போதாது, ஏனென்றால் ஷார்ட்கட்டின் எல்என்கே என்ற வாலை இந்த செட்டிங் ஆனில் இருந்தாலும் விண்டோஸ் காட்டாது! பாஸ்வேர்ட்.டிஎக்ஸ்டி.எல்என்கே என்பது கண்ணுக்கு பாஸ்வேர்ட்.டிஎக்ஸ்டி ஆகத்தான் தெரியும்.

அதனால் வியூவில் டீடெய்ல்ஸ் வைத்து, டைப் என்ற தலைப்புக்குக் கீழே பாருங்கள். உண்மையான டெக்ஸ்ட் ஃபைல் என்றால் டெக்ஸ்ட் டாக்குமெண்ட் என்று இருக்கும். ஷார்ட்கட் என்று இருந்தால் அங்கேயே டெலீட். ஐகானை நம்பவே நம்பாதீர்கள், எந்த ஐகானையும் ஒட்டிக்கொள்ளலாம்.

இன்னும் சந்தேகமா? ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ் பாருங்கள். ஷார்ட்கட் என்று ஒரு டேப் இருந்து, டார்கெட் கட்டத்தில் பவர்ஷெல், எம்எஸ்எச்டிஏ, சிஎம்டி என்று கட்டளைகளை ஓட்டும் விண்டோஸ் புரோகிராம் ஏதாவது இருந்தால் அது ஒரு கட்டளை. கட்டம் வெறுமையாகத் தெரிந்தாலும் ஏமாறாதீர்கள், கட்டளைக்கு முன்னால் நூற்றுக்கணக்கில் ஸ்பேஸ் போட்டு அதை வெளியே தெரியாத தூரத்துக்குத் தள்ளிவிடுவார்கள். அப்புறம், கமாண்ட் ப்ராம்ப்டில் (கட்டளைகளை டைப் பண்ணும் விண்டோஸ் ஜன்னல்) அந்த ஃபோல்டருக்குப் போய் டிஐஆர் என்று அடித்தால் முழுப் பெயரும் வாலோடு வந்துவிடும்.

ஏற்கெனவே கிளிக் பண்ணிவிட்டீர்களா? நோட்பேடில் பாஸ்வேர்ட் வந்ததே, பிடிஎஃப்பும் திறந்ததே என்று நிம்மதியாகாதீர்கள், சந்தேகம் வரக்கூடாது என்றே அதையும் காட்டுவார்கள். உடனே வைஃபையைத் துண்டியுங்கள், அலுவலக லேப்டாப் என்றால் ஐடி ஆட்களிடம் அப்போதே சொல்லுங்கள், பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள், மெயில் பாஸ்வேர்டை முதலில்.