கவுன்சிலோடு காணிப் பிரச்சினையா? வாயால் பேசிவிட்டு வந்துவிடாதீர்கள்

போன மாதம் எங்கள் அலொட்மென்ட்டில் (கவுன்சில் பயிர் செய்யக் குத்தகைக்குத் தரும் சிறு தோட்டக் காணிகள்) புதிதாகக் காணி எடுத்த தம்பி ஒருவர் கவுன்சில் கடிதத்தோடு வந்து நின்றார். காணியில் களை மண்டிக் கிடக்கிறதாம், சீர் செய்யாவிட்டால் குத்தகை ரத்தாம். "அந்த அலுவலரிடம் அப்பவே சொல்லிவிட்டேன் அண்ணா, பிரச்சினை இல்லை என்றார்." பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நானும் இதையேதான் சொன்னேன். காணி போய்விட்டது.

கொட்டில் அளவு, பாதையை மறிப்பது போன்றவை குத்தகைத் தாளிலேயே இருக்கும், அவற்றை விடுகிறேன். இங்கே சொல்வது இங்கிலாந்துச் சட்டம், ஸ்கொட்லாந்தில் வேறு.

வாய்ச்சொல்லை நம்புவது

அம்மாவுக்குச் சுகமில்லை என்று ஏப்ரல் கடைசியில் யாழ்ப்பாணம் போனேன். போகுமுன் கேற்றடியில் அலுவலரைக் கண்டு, மூன்று மாதம் வரமாட்டேன், நண்பர் தண்ணீர் விடுவார் என்றேன். "கவலைப்படாமல் போய்வாருங்கள்" என்றார். நல்ல மனிதர். ஆனால் ஜூனில் வேறு பிரிவுக்கு மாறிப் போனார். அவருடைய இடத்துக்கு வந்தவர் கண்டது இடுப்பளவு புல்லைத்தான். இரண்டு கடிதங்கள் வந்து என் வீட்டுக் கதவடியில் கிடந்திருக்கின்றன.

ஜூலைக் கடைசியில் திரும்பி வந்தபோது காணி வேறொருவர் பெயரில் இருந்தது. ஒக்டோபரில் ஊன்றிய பூண்டு, தாள் பழுத்து, பிடுங்கும் பருவத்தில் வேரோடு உரக் குவியலில் கிடந்தது. நான்கைந்து பூண்டைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். கவுன்சில் தந்த பதில்: அப்படி ஒரு பேச்சு நடந்ததாகப் பதிவு இல்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. பதிவு உண்மையாகவே இல்லை. ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தால் அந்தக் காணி இன்றும் என்னிடம் இருந்திருக்கும். இதை நினைத்தால் இப்போதும் மனம் ஆறுவதில்லை.

அதனால், யாரோடு பேசினாலும் அன்று மாலையே எழுதுங்கள். "இன்று காலை கேற்றடியில் பேசியபடி, இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை வர இயலாது, இன்னார் பார்த்துக்கொள்வார், நீங்கள் சம்மதித்தீர்கள். தவறிருந்தால் தெரிவிக்கவும்." இவ்வளவு போதும். அந்த அலுவலருக்கு மட்டுமல்ல, பிரிவின் பொது முகவரிக்கும் அனுப்புங்கள். ஆள் மாறினாலும் அது கோப்பில் இருக்கும். அப்புறம், நீங்கள் இல்லாத காலத்தில் கடிதம் யார் கையில் சேரவேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். காணியை மாதம் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

"12 மாத அறிவித்தல் தரவேண்டும்" என்று நிம்மதியாக இருப்பது

அந்தத் தம்பியும் இதைத்தான் சொன்னார். 1922ஆம் ஆண்டு அலொட்மென்ட் சட்டமும் அதைத் திருத்திய 1950ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படிச் சொல்வது உண்மை: குறைந்தது 12 மாத அறிவித்தல், அது முடிவதும் ஏப்ரல் 6 அல்லது அதற்கு முன், இல்லையேல் செப்டெம்பர் 29 அல்லது அதற்குப் பின். பயிர்க் காலத்தின் நடுவில் எழுப்பக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் அது உங்கள் பக்கம் தவறில்லாதபோது. நீங்கள் விதியை மீறியதாகக் கவுன்சில் கருதினால், 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30ஆம் பிரிவின்படி ஒரு மாத அறிவித்தலே போதும். குத்தகை தொடங்கி மூன்று மாதம் கடந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். களைக் கடிதம் வந்தால் அன்றைக்கே பதில் எழுதுங்கள்.

கோபத்தில் வாடகையை நிறுத்துவது

வேண்டாம். 40 நாள் பாக்கி இருந்தால் அதே ஒரு மாத அறிவித்தல்தான்.

கோழியைப் பற்றிப் பயப்படுவது

வியாபாரத்துக்கு இல்லையென்றால் பேட்டுக் கோழியும் முயலும் வளர்க்க 1950ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. சேவலுக்கு இல்லை.

முறைப்பாட்டைத் தள்ளிப்போடுவது

ஒம்பட்ஸ்மனிடம் (கவுன்சில்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் சுயாதீன அதிகாரி) போகுமுன் கவுன்சிலின் முறைப்பாட்டு நடைமுறையை முடிக்க வேண்டும். விஷயம் தெரிந்து பொதுவாக 12 மாதத்துக்குள் போகவும் வேண்டும். நான் ஒரு வருடத்துக்கு மேல் தொலைபேசியில் பேசிப் பேசியே காலத்தைக் கழித்துவிட்டேன். உங்கள் காணி பாரிஷ் கவுன்சிலுடையது (ஊர் மட்டத்துச் சிறிய கவுன்சில்) என்றால் அந்தக் கதவும் இல்லை. ஒம்பட்ஸ்மன் அவர்களை விசாரிப்பதில்லை. குத்தகைத் தாளில் யார் பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.