படகின் பழைய உலோகச் சாமான்களைத் தேய்த்து மெருகேற்றுவது

பாலிஷ் டப்பாவைத் திறக்கும் முன் ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய படகில் கயிறு கட்டும் கிளீட், கீல், கொக்கி, ஜன்னல் வளையம் எல்லாமே ஒரே மாதிரி கறுத்துக் கிடக்கும், ஆனால் எல்லாம் ஒரே உலோகம் இல்லை, ஒன்றுக்குச் சரிப்படுகிற வைத்தியம் இன்னொன்றைக் கெடுத்துவிடும்.

காந்தம் பலமாக ஒட்டினால் இரும்பு, பெரும்பாலும் துத்தநாக முலாம் பூசியது. அதைத் தேய்த்தால் முலாம் போய் துருதான் மிஞ்சும், விட்டுவிடுங்கள். ஒட்டவில்லையா, மறைவான அடிப்பக்கத்தில் லேசாகச் சுரண்டுங்கள்: பளிச்சென்ற மஞ்சள் என்றால் பித்தளை, செம்பழுப்பு என்றால் வெண்கலம், வெள்ளையாகக் கனமே இல்லாமல் இருந்தால் அலுமினியம், வெள்ளையாகக் கனமாக இருந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் (இது சில சமயம் காந்தத்தில் லேசாக ஒட்டவும் செய்யும்). மேலே வெள்ளி, உள்ளே மஞ்சள் என்றால் குரோமிய முலாம்.

பித்தளைக்குள் இளஞ்சிவப்பு தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். உப்புநீர் துத்தநாகத்தை அரித்துத் தின்றுவிட்டு, செம்பை மட்டும் பஞ்சு மாதிரி ஓட்டையும் பொத்தலுமாக விட்டுவைத்திருக்கிறது. உருவம் இருக்கும், பலம் இருக்காது. அலங்காரச் சாமான் என்றால் போகட்டும். பாரம் தாங்குவதோ நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள வால்வோ என்றால் பாலிஷ் வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

முடிந்தவரை கழற்றித்தான் வேலை செய்ய வேண்டும், இல்லையென்றால் பாலிஷின் கறுப்பு மரத்தில் ஏறிவிடும், அப்புறம் போகவே போகாது. திருகின் காடியைச் சுத்தம் செய்து, ஊடுருவும் எண்ணெய் விட்டு, ஒரு ராத்திரி பொறுங்கள்.

பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் ஒரு கப் வெதுவெதுப்பான வினிகரில் ஒரு ஸ்பூன் உப்பு போதும். அடிக்கடி எடுத்துப் பாருங்கள், அதிகம் ஊறினால் மேற்பரப்பு செம்பு நிறத்துக்கு மாறிவிடும். களிம்பு இளகியதும் பித்தளைக் கம்பி பிரஷால் தேய்த்து, சோடா உப்புத் தண்ணீரில் அலசி, உடனே துடையுங்கள். கீறல் போக வேண்டுமானால் 400, 600, 1000 என்று உப்புத்தாளை ஈரத்தோடு வரிசையாகப் போடுங்கள், பச்சைக் களிம்பின் தூசி நுரையீரலுக்கு ஆகாது. கடைசியில்தான் பாலிஷ்.

குரோமியத்தில் துருப்புள்ளி இருந்தால் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே போகும். முலாமே உரிந்திருந்தால் புதிதாக முலாம் பூசத்தான் வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பக்கம் இரும்பு நாரைக் கொண்டுபோகவே கூடாது, அதன் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு புதுத் துருவைக் கிளப்பும். ஆக்ஸாலிக் அமிலம் கலந்த பசை நல்லது, கையுறை அவசியம். அலுமினியத்துக்குச் சோப்புத் தண்ணீர் போதும், காஸ்டிக் சோடா வேண்டவே வேண்டாம்.

மெருகின் மேல் பூசும் வார்னிஷ் மாதிரியான லாக்கர் பூச்சு எனக்குப் பிடிக்காது. வெயிலில் ஓரிடத்தில் விரிசல் விட்டாலும் அடியில் கறுப்பு பரவும், அதை உரிப்பது முதல் வேலையைவிடப் பெரிய வேலை. மெழுகு தடவி அவ்வப்போது புதுப்பிப்பது மேல். வெண்கலத்தைப் பழுப்பாகவே விட்டுவிட்டாலும் ஒரு குறையும் இல்லை, அந்தப் படலம் அதற்குக் காவல்.

திரும்ப மாட்டும்போது, அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் திருகு ஏறும் இடத்தில் காப்புப் பசை தடவுங்கள், இல்லையென்றால் உப்பு ஈரத்தில் அலுமினியம் அரிக்கும். படகுக்கு அடியில் இருக்கும் துத்தநாகக் கட்டிக்கு மெழுகோ பெயின்டோ எதுவும் பூசாதீர்கள், மற்றதற்குப் பதிலாகக் கரைவதுதான் அதன் வேலை.