வாய் வரை வந்த சொல்லைப் பிடுங்காதீர்கள்

பாம்பனில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையோடு பேச்சும் போனபோது நாங்கள் செய்த பெரிய தவறு கயிறு மந்திரித்துக் கட்டியதல்ல (அதில் நட்டம் ஒன்றும் இல்லை), காது கேட்காதவரிடம் பேசுவதுபோல ஆளாளுக்குக் கத்தியதுதான். காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூளையின் இடது முன்பக்கத்தில் அடிபட்டால் மற்றவர் பேசுவது பெரும்பாலும் புரியும், பதில் சொல்லத்தான் வராது. 1861இல் பாரிஸ் மருத்துவர் பால் ப்ரோகா பார்த்த நோயாளிக்கு வாயில் பெரும்பாலும் வந்தது ‘டான்’ என்ற ஒலிதான். ஆகவே பேச்சு போனவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே படகுக் கடனைப் பற்றிக் கிசுகிசுக்காதீர்கள்.

அடுத்தது, சொல்லை முந்திக்கொண்டு எடுத்துக் கொடுப்பது. மீன் கூடைக்காரம்மா வந்ததும் அப்பா இடது கையை நீட்டி “சீ… சீ…” என்பார், அம்மா உடனே “சீலாதானே, வாங்கியாச்சு” என்று முடித்துவிடுவார். பாசம்தான், ஆனால் அவர் நெற்றி சுருங்கி முகம் தொங்கிப்போகும். மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அப்புறமும் வரவில்லையென்றால் எந்த வலையில் படும், பெரிசா சின்னதா என்று அந்தப் பொருளைச் சுற்றிக் கேளுங்கள், கடைசியாகத்தான் முதல் எழுத்தை எடுத்துக் கொடுங்கள். அதேபோல பேனாவைக் காட்டி “இது என்ன?” என்று நாள் முழுக்கப் பரீட்சை வைக்காதீர்கள், “டீயா, காபியா?” என்று உண்மையாகவே பதில் வேண்டிய கேள்வியைக் கேளுங்கள். டிவியை அணைத்துவிட்டு.

கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டை அப்பா தடையில்லாமல் பாடியதும் தெருவே கூடிவிட்டது, பேச்சு வந்துவிட்டதென்று. வரவில்லை. பாட்டு, எண்ணிக்கை, கிழமைகள் எல்லாம் பழக்கத்தில் தானாக வருபவை. பாட்டைத் தடுக்கவும் வேண்டாம், அதுவே போதும் என்று பயிற்சியை நிறுத்தவும் வேண்டாம். 1970களிலிருந்தே இந்த வழியைப் பயன்படுத்துகிறார்கள்: ‘தண்ணி வேணும்’ என்பதை ராகமாக இழுத்து, இடது கையால் தாளம் தட்டி, சிறிது சிறிதாக ராகத்தைக் குறைத்துப் பேச்சுக்குக் கொண்டுவருவது. எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது, பேச்சுப் பயிற்சியாளரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

ஆறு மாதம் தாண்டினால் அவ்வளவுதான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேகம் குறையும், ஆனால் வருடங்கள் கழித்தும் முன்னேறுகிறவர்கள் உண்டு. ராமநாதபுரத்துக்கு வாரா வாரம் பஸ் ஏற முடியாவிட்டால் வீடியோ காலில் செய்ய முடியுமா என்று கேளுங்கள். சாப்பிடும்போது புரையேறினால் அது வேறு விஷயம், உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். பயிற்சியைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள், சாயங்காலம் அப்பாவுக்குக் களைப்பில் ‘சீ’கூட வராது.