அரேஞ்சர் கீபோர்டை இடது கையால் தேர்ந்தெடுங்கள்

கீபோர்டு வாங்கக் கடைக்குச் செல்கிறவர்களில் பெரும்பாலோர் வலது கையால் பியானோ, வயலின், புல்லாங்குழல் என்று ஒவ்வொரு டோனாக வாசித்துப் பார்த்துவிட்டு, காதுக்கு இனிமையாக ஒலித்ததை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ஆனால் பல ஆண்டுகளாக மேடையில் வாசிக்கும் கலைஞர் ஒருவர் யமஹா, கோர்க் போன்ற ஒரு நிறுவனத்தின் கருவியை விட்டு நகர மறுப்பதற்கான காரணம், அநேகமாக அவருடைய இடது கையில்தான் இருக்கும். இடது கை பிடிக்கும் கார்டை, அதாவது ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டத்தை, புரிந்துகொண்டு டிரம்ஸ், பேஸ், கிடார், ஸ்ட்ரிங்ஸ் ஆகியவற்றை ஒரு குழுவே வாசிப்பதுபோலக் கூடவே வாசித்துத் தருவதுதான் அரேஞ்சரின் வேலை. ஸ்டைல் என்று அழைக்கப்படும் அந்தப் பின்னணி, வாசிப்பவரின் மனப்போக்கோடு ஒத்துப்போகிறதா என்பதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

எந்த நிறுவனம் சிறந்தது என்ற கேள்விக்கு ஊருக்கு ஊர் விடை மாறுவதும் இதனால்தான். அரபு இசையில் ராஸ்ட், பயாத்தி போன்ற மகாம்களுக்கு (நமது ராகங்களைப் போன்றவை), நமது பன்னிரண்டு கட்டைகளுக்குள் அடங்காத கால் சுரங்கள் தேவைப்படுகின்றன. பாட்டின் நடுவிலேயே ஒரு சுரத்தை மட்டும் ஐம்பது சென்ட் (அரைக் கட்டையில் பாதி) இறக்கும் வசதியைக் கைக்கு எட்டும் இடத்தில் தந்ததால், கோர்கின் பி.ஏ. வரிசை அங்கே நிலைத்துவிட்டது. பி.ஏ.600 மாடலுக்குக் கால் சுரப் பொத்தான்களோடு ஒரு தனிப் பதிப்பே வெளிவந்தது. யமஹாவும் பி.எஸ்.ஆர்-ஏ3000 போன்ற மாடல்களை அந்தச் சந்தைக்கென்றே உருவாக்கியது. ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் தனி ஒருவராக மேடையேறி விருந்துகளில் வாசிக்கும் கலைஞர்களிடையே, 2002-இல் தொடங்கிய யமஹாவின் டைரோஸ் வரிசைக்கும் அதன் வாரிசாக 2017-இல் வந்த ஜெனோஸுக்கும் பெரும் மதிப்பு உண்டு. இத்தாலியின் அன்கோனா பகுதியைச் சேர்ந்த கெட்ரான், உண்மையான டிரம்மர்கள் வாசித்த ஆடியோ பதிவுகளையே ஸ்டைலில் சேர்த்துத் தனக்கென ஒரு ரசிகர் கூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. இவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் பாட்டுக்கு எது பணிந்து வந்ததோ அதைத் தேர்ந்தார்கள்.

ஆகவே கடைக்குப் போவதற்கு முன், நீங்கள் அடிக்கடி வாசிக்கும் பாடல்களில் ஐந்தாறை எழுதிக்கொள்ளுங்கள். அவற்றில் ஒன்று 6/8 தாளத்திலும், ஒன்று வேகமான குத்துப்பாட்டாகவும், ஒன்று ராகத்தை ஒட்டிய மெலடியாகவும் இருக்கட்டும். டெமோ பொத்தானை அழுத்தும் விற்பனையாளரை மரியாதையுடன் நிறுத்திவிடுங்கள். அதில் ஒலிப்பது தேர்ந்த நிபுணர்கள் முன்கூட்டியே நிரல்படுத்தி வைத்த இசை. உங்கள் கைக்குக் கருவி எப்படி விடை சொல்லும் என்பது அதிலிருந்து தெரியாது.

முதல் சோதனையாக, ஸ்டைலை ஓடவிட்டு சி மேஜரிலிருந்து சி மைனருக்கும், பிறகு செவன்த், டிமினிஷ்ட் கார்டுகளுக்கும் மாறிப் பாருங்கள். யமஹா ஸ்டைல்கள் பெரும்பாலும் சி மேஜர் செவன்த்தில் ஒரே ஒரு வடிவமாகப் பதிவாகியிருக்கும். மற்றக் கார்டுகளுக்கு அந்த வடிவத்தைச் சில விதிகளின்படி கருவியே மாற்றிக்கொள்கிறது. கோர்கிலோ, ஒரே பகுதிக்குள் மேஜருக்கு ஒன்று, மைனருக்கு வேறொன்று என்று ஆறு வடிவங்கள் வரை தனித்தனியே எழுதி வைக்க இடம் உண்டு. முதல் முறையில் சொந்த ஸ்டைல் எழுதுவது சுலபம். இரண்டாவதில் உழைப்பு அதிகம், ஆனால் மைனரில் கிடார் வாசிக்கும் விதமே வேறாக அமையலாம். சொந்தமாக ஸ்டைல் எழுதுகிறவர்களில் பலர் கோர்கை விரும்புவதற்கு இது ஒரு வலுவான காரணம் என்பது என் கணிப்பு. நீங்கள் எழுதப்போவதில்லை என்றால் இந்த வேறுபாட்டுக்காகக் கூடுதல் பணம் செலவழிக்க வேண்டியதில்லை.

அடுத்தது ராகப் பாடல். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். மூன்றாம் சுரம் சேர்ந்த முழுக் கார்டைப் பிடித்தால் பேட் என்னும் நீண்டு ஒலிக்கும் பின்னணி டோனும் ஸ்ட்ரிங்ஸும் அந்தக் காந்தாரத்தை அழுத்தமாக ஒலித்து, பாடகர் எடுக்கும் நுட்பமான சுரத்தோடு மோதும். யமஹாவில் சட்ஜத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் பிடித்தால் கருவி அதை ஒரு தனிக் கார்டு வகையாகவே எடுத்துக்கொண்டு, பின்னணியிலும் அந்த இரண்டு சுரங்களையே வைத்துக்கொள்ளும். சட்ஜத்தையும் அதன் மேல் சட்ஜத்தையும் பிடித்தால் சட்ஜம் மட்டுமே நிற்கும். வாங்க நினைக்கும் வேறு எந்தக் கருவியிலும் இதையே பிடித்துப் பாருங்கள். பின்னணி தம்பூராவைப்போல ஒதுங்கி நின்றால் நல்லது; தானாக ஒரு காந்தாரத்தைக் கொண்டுவந்து சேர்த்தால் மெலடிப் பாட்டில் தொல்லை தரும்.

வலது கைக்கு வரும்போது, புல்லாங்குழல் டோனை எடுத்து ரிஷபத்திலிருந்து காந்தாரத்துக்குப் பிட்ச் பென்டால் (சுரத்தை வளைக்கும் சக்கரம் அல்லது ஜாய்ஸ்டிக்) நகர்த்துங்கள். பாதி வழியில் ஒரு கணம் நிறுத்தி மீண்டும் இறக்கும்போது ஒலி படிப்படியாகக் குதிக்கிறதா, வழுக்கிக்கொண்டு வருகிறதா என்று கவனியுங்கள். சக்கரம் கையில் நின்ற இடத்தில் நிற்கும் உணர்வைத் தருவதால் சிலருக்கு அதுவே பிடிக்கும். கோர்கின் ஜாய்ஸ்டிக்கை அதே விரலால் முன்னும் பின்னும் தள்ளி மாடுலேஷனும் (ஒலியில் அதிர்வு போன்ற மாற்றம்) சேர்க்கலாம் என்பதால் வேறு சிலர் அதை விடமாட்டார்கள். யமஹாவின் உயர் மாடல்களில் உள்ள சூப்பர் ஆர்ட்டிகுலேஷன் வாய்ஸ்கள், ஒரு சுரத்தை விடாமல் அடுத்ததைத் தொட்டால் உண்மையான வாத்தியத்தின் இழைவையும், அழுத்தி வாசித்தால் வேறொரு சாயலையும் தருகின்றன. கிடார், சாக்ஸபோன் பிட்டுகளுக்கு அது அற்புதம். கமகத்துக்கோ அந்தத் தானியங்கி இழைவு சில சமயம் குறுக்கே வருகிறது.

மேடையில் வாசிப்பவர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஸ்ட்ரிங்ஸில் ஒரு சுரத்தை அழுத்தியபடியே அடுத்த ரெஜிஸ்ட்ரேஷனுக்கு (டோன், ஸ்டைல் அமைப்புகளைச் சேர்த்துச் சேமித்து வைத்த தொகுப்பு) மாறுங்கள். ஒலி அறுந்தால், பல்லவி முடிந்து பி.ஜி.எம். தொடங்கும் இடத்தில் ஒவ்வொரு முறையும் அது கேட்கும். பாடகர் அரைக் கட்டை இறக்கச் சொன்னால் சுருதியை மாற்றும் ட்ரான்ஸ்போஸ் ஒரே அழுத்தில் கிடைக்கிறதா, அந்த எண் தூரத்திலிருந்தும் திரையில் தெரிகிறதா என்பதும் முக்கியம். ஃபில்-இன் (பகுதிகளுக்கு நடுவே வரும் குறுகிய டிரம்ஸ் நிரவல்) பொத்தானைத் தாளத்தின் மூன்றாம் அடியில் அழுத்தி, மீதி அடிக்குள் அது இயல்பாக முடிகிறதா என்றும் கேளுங்கள்.

இவை எல்லாவற்றிலும் தேறிய இரண்டு கருவிகளுக்கு நடுவே தடுமாற்றம் இருந்தால், உங்கள் ஊரில் உடன் வாசிக்கும் கலைஞர்கள் எதை வைத்திருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். ஒரு கலைஞரின் உண்மையான சொத்து அவருடைய பென்டிரைவில் இருக்கிறது: பாட்டுப் பாட்டாகச் சரிசெய்த ஸ்டைல்கள், ரெஜிஸ்ட்ரேஷன்கள், எங்கெங்கோ தேடிச் சேர்த்த தவில், டோலக், நாதஸ்வர சாம்பிள்கள். ஒரே நிறுவனத்துக் கருவி என்றால் அவற்றில் பெரும்பகுதியைப் பரிமாறிக்கொள்ளலாம். கச்சேரியன்று உங்கள் கருவி மக்கர் செய்தால் நண்பருடையதில் வாசித்தும் சமாளிக்கலாம். நிறுவனப் பற்று என்று வெளியே தெரிவதில் பாதி, இப்படிச் சேர்ந்த உழைப்பை இழக்க மனமில்லாமைதான். அதில் தவறொன்றும் இல்லை.

இப்போதுதான் தொடங்குகிறவர்கள் உயர் மாடல்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். யமஹா பி.எஸ்.ஆர்-ஐ500, காசியோ சி.டி-எக்ஸ்9000ஐ.என். ஆகிய இரண்டும் இந்தியாவுக்கென்றே வந்தவை. இந்தியத் தாளங்களும் டோன்களும் உள்ளேயே இருக்கின்றன. முன்னதில் தம்பூரா, தபலாவோடு சாதகம் செய்ய ரியாஸ் என்ற வசதியும் உண்டு.

ஏற்கெனவே ஒரு நிறுவனத்துக் கருவி வைத்திருந்து மற்றொன்றுக்கு மாறுவதாக இருந்தால், பழையதை விற்பதற்கு முன் சொந்த ஸ்டைல்களை எல்லாம் கணினியில் பிரதி எடுத்துவிடுங்கள். யமஹா ஸ்டைல் கோப்பின் அடிப்படை, எந்தச் சுரம் எப்போது ஒலிக்க வேண்டும் என்ற குறிப்புகளைச் சேமிக்கும் பொதுவான மிடி வடிவம்தான். அதைப் பிரித்து கோர்கிலோ ரோலண்டிலோ ஏற்றுவதற்கு மாற்றி மென்பொருள்கள் கிடைக்கின்றன. ஆனால் ஏற்றியதும் பேஸ் அமுங்கியும் ஷேக்கர் துருத்திக்கொண்டும் ஒலிக்கும். டோன் எண்கள் மாறி கிடார் இருந்த இடத்தில் வேறு வாத்தியம் வந்து நிற்கும். ஒவ்வொரு ஸ்டைலையும் திறந்து டோனையும் வால்யூமையும் சரிசெய்து, புதிய பெயரில் சேமிக்க வேண்டும். அந்த வேலை முடிந்து, புதிய கருவியில் முழுக் கச்சேரியையும் ஒருமுறை ஒத்திகை பார்க்கும் வரை பழைய கருவியை விற்காதீர்கள்.