எலுமிச்சையை விட்டேன், பப்பாளிக்கு மாறினேன்

முகம் மங்கலாக, மூக்கோரம் சொரசொரப்பாக இருந்ததால் எலுமிச்சைச் சாறில் சர்க்கரையைக் கலந்து அழுத்தித் தேய்த்தேன். அன்று இரவே கன்னம் சிவந்து எரிந்தது. தப்பு என்னுடையதுதான். அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். எண் குறையக் குறைய அமிலம் கூடும்; எலுமிச்சைச் சாறுக்கு அது 2 அளவில் இருக்கும். நம் தோலுக்கோ 5-ஐ ஒட்டி. போதாததற்கு, அந்தச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கருந்திட்டுகூட விழலாம்.

எரிச்சல் முழுதாக அடங்கும்வரை எதையும் தடவவில்லை. அப்புறம் பப்பாளிக்கு மாறினேன். நன்கு பழுத்த துண்டு ஒன்றை மசித்து, மாவாகப் பொடித்த ஓட்ஸ் ஒரு ஸ்பூன் சேர்த்தேன். பப்பாளியில் உள்ள பப்பைன் என்ற நொதி புரதத்தை உடைக்கும். இறந்த செல்கள் தளர அது ஓரளவு உதவலாம் என்பதால் அழுத்தித் தேய்க்கவே வேண்டாம். காயில் தோலை எரிக்கக்கூடிய பால் அதிகம், அதனால் பழம்தான். லேடெக்ஸ் (ரப்பர் பால்) ஒவ்வாமை உள்ளவர்கள் பழத்தையும் தவிர்ப்பது நல்லது.

முதலில் முன்கையின் உட்புறம் தடவி ஒரு நாள் பார்த்தேன். பிறகு ஈர முகத்தில், விரல் நுனியால் ஒரு நிமிடம், வெறும் தண்ணீரில் கழுவல், உடனே மாய்ஸ்சரைசர். வாரம் ஒரு முறைதான். பகலில் சன்ஸ்கிரீன் கட்டாயம்.

நிறம் மாறவில்லை, மாறும் என்று நம்பவும் இல்லை. சொரசொரப்பு மட்டும் மூன்றாம் வாரத்தில் போய்விட்டது.