பத்துக்குப் பத்து அறையில் தவழும் குழந்தை

தாராவியில் என் வீட்டிலேயே அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளை தவழ ஆரம்பித்ததும் தாய்மார்கள் கேட்பது ஒன்றுதான்: “அக்கா, இத்தனூண்டு ரூம்ல எதை எங்க எடுத்து வைக்கிறது?”

தண்ணீரிலிருந்து ஆரம்பியுங்கள். குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் டிரம், பக்கெட், குடம் எல்லாவற்றையும் நிரப்பி வைக்கிறோம், வேறு வழியில்லை. ஆனால் 5 சென்டிமீட்டர் தண்ணீர் இருந்தாலே சின்னக் குழந்தை மூழ்கிவிடும். இந்த வயதில் உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம். பக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்தால் தலைகுப்புற விழும், திரும்ப எழ முடியாது. நிறைந்த பக்கெட் சாயவும் சாயாது. சத்தமும் வராது. அதனால் டிரம்முக்குத் திருகு மூடிதான் வேண்டும். மேலே சும்மா வைக்கிற தட்டு போதாது. மோரியில், அதாவது குளிக்க, பாத்திரம் கழுவ இருக்கும் மூலையில், இருக்கும் பக்கெட்டை வேலை முடிந்ததும் கவிழ்த்து வையுங்கள். குழந்தை இருக்கும் வீட்டில் பக்கெட்டுக்குள் போடும் வாட்டர் ஹீட்டர் ராடு வேண்டவே வேண்டாம். வெந்நீரை அடுப்பில் வைத்துக்கொள்ளலாம்.

“கண்ணை எடுக்காம பாத்துக்குவேன்” என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை. பால் பொங்கும், யாராவது கதவைத் தட்டுவார்கள். கண் தவறுகிற அந்த நிமிஷத்துக்குத்தான் இத்தனை ஏற்பாடும்.

அடுத்தது மாடிக்குப் போகும் இரும்பு ஏணி. எங்கள் பக்கத்து வீடுகளில் அது செங்குத்தாக நிற்கும், பிள்ளைகளுக்கு அதில்தான் ஆசை. கீழ்ப்படிகளை மறைக்கிற மாதிரி ஒரு பிளைவுட் பலகை வெட்டி, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் கொக்கி போட்டு மாட்டுங்கள். பெரியவர்கள் ஏறும்போது கழற்றி, இறங்கியதும் மாட்ட வேண்டும். மேலே ஏணி முடிகிற திறப்புக்கும் கம்பித் தடுப்பு வேண்டும். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. ஜன்னலுக்குக் கீழே ஸ்டூலோ பெட்டியோ போடாதீர்கள்.

ஃபினைல், ஆசிட், மண்ணெண்ணெய் எதையும் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். தெருவில் சில்லறையாக விற்கும் ஃபினைல் பெரும்பாலும் அப்படிப்பட்ட பாட்டிலில்தான் வருகிறது. வாங்கிய கையோடு மேல் பரணில் ஏற்றிவிடுங்கள். பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும், ஆசிட் திரும்ப வரும்போது தொண்டையை இன்னொரு தடவை பொசுக்கும். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

காசு மாதிரி இருக்கும் வட்ட பேட்டரியை விழுங்கினாலும் உடனே ஓட வேண்டும். உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள் அது புண்ணாக்கிவிடும். பொம்மை, சின்ன ரிமோட், எடை மெஷின் என்று எதில் அது இருந்தாலும் பின்மூடியை ஸ்குரூ போட்டு இறுக்கி, மேலே டேப் ஒட்டுங்கள்.

அடுப்பில் பாத்திரத்தின் கைப்பிடி சுவர்ப் பக்கம் திரும்பியிருக்கட்டும், இரவில் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள். முழு வேர்க்கடலை, பொட்டுக்கடலை எல்லாம் 5 வயது வரைக்கும் வேண்டாம், பொடித்துக் கொடுங்கள்.

சூடு பட்டால் பேஸ்ட், மை, மாவு எதுவும் தடவாதீர்கள். 20 நிமிஷம் சாதாரணத் தண்ணீரை மெதுவாக ஊற்றிக்கொண்டே இருங்கள். குழாயில் தண்ணீர் இல்லையென்றால் டிரம்மிலிருந்து மொண்டு ஊற்றுங்கள். ஆம்புலன்ஸுக்கு 108. அந்த எண்ணைக் கதவுக்குப் பின்னால் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள், பிள்ளையோடு இருக்கும் பாட்டிக்கும் படிக்கத் தெரியும்படி.