கைமுறுக்கு பழகுபவரின் கையைப் பிடிக்காதீர்கள்

கண்டனூர் வீட்டில் இரண்டாம் கட்டுக்குள் வெள்ளை வேட்டியை விரித்து, அப்பத்தா கைமுறுக்கு சுற்றுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். உள்ளங்கையில் ஓர் உருண்டை மாவு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அதை முறுக்கிக்கொண்டே இழுக்க, மாவு கயிறு மாதிரி திரிந்து வட்டமாகத் துணியில் இறங்கும். ஐந்து சுற்று முடிந்ததும் நுனியை ஒட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்.

போன தீபாவளிக்கு அண்ணன் மகள் பழக உட்கார்ந்தாள். நான் செய்த முதல் காரியம், அவள் விரல்களை என் விரல்களால் பிடித்துச் சுற்ற வைத்தது. பிடித்திருந்தவரை அழகாக வந்தது. கையை எடுத்ததும் இரண்டாம் சுற்றிலேயே மாவு பிய்ந்துவிட்டது. "அத்தை, நீங்க பிடிச்சா வருது, விட்டா வரலையே" என்றாள். சொல்லிக்கொடுப்பவர்கள் செய்யும் பெரிய தவறு இதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

விரலை அசைக்க மூளை கட்டளை அனுப்பும்போதே, அந்த அசைவு எப்படி உணரப்படும் என்று ஒரு கணிப்பும் போட்டுவிடுகிறது. பின்தலையில் இருக்கும் சிறுமூளைக்கு இதில் பெரிய பங்கு. கணித்ததும் உணர்ந்ததும் ஒத்துப்போகாவிட்டால், அந்த வித்தியாசத்தை வைத்து அடுத்த கட்டளை திருத்தப்படும். கண்ணால் பார்த்துத் திருத்த நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆகும். வேகமாகச் சுற்றும் கைக்கு அது தாமதம். அதனால்தான் முன்கூட்டிய கணிப்பு இல்லாமல் கைவேலை ஓடாது. அவள் விரலை நான் ஓட்டும்போது விசை என்னுடையது, திருத்தமும் என்னுடையது. அவள் மூளைக்குத் திருத்திக்கொள்ள ஒரு பிழையும் மிச்சமில்லை. கொதிக்கிற எண்ணெய்க்குப் பக்கத்தில் கையைப் பிடிப்பது வேறு, அது பாதுகாப்புக்கு.

கையைப் பிடிக்காவிட்டாலும் வாயால் பிடித்துக்கொள்கிறவர்கள் உண்டு. ஒவ்வொரு முறுக்குக்கும் "அழுத்தாதே", "தளர்த்து", "இப்போ சரி" என்று சொல்லிக்கொண்டே இருப்பது. அதுவும் அதே தவறுதான். உடலசைவுகளை எப்படிக் கற்கிறோம் என்று ஆராய்ந்த சால்மோனி, ஷ்மிட், வால்ட்டர் மூவரும் 1984-ல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து இதைக் கவனப்படுத்தினார்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் திருத்தம் சொன்னால் பழகும் நேரத்தில் வேலை நன்றாகத் தெரியும். சொல்பவர் போனதும் இறங்கிவிடும். நாலைந்து முறுக்கு அவள் போக்கில் சுற்றட்டும். அப்புறம், நாம் சொல்வதற்கு முன்னால் எங்கே விட்டது என்று அவளையே கேட்க வேண்டும்.

ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் இதை வேறு விதமாகப் பார்க்கலாம். கண்ணாடிமேல் அச்சை வைத்து, சாயம் கலந்த சிமெண்டைக் கரண்டியால் கட்டம் கட்டமாக ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்து, மேலே உலர்ந்த மணல்-சிமெண்ட் தூவி, அதன்மேல் கலவை பூசுகிறார்கள். பூ வேலைப்பாட்டின் முகம் கீழே, கண்ணாடியோடு ஒட்டிக் கிடக்கிறது. காய்ந்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறி, கண்ணாடி கழன்ற பிறகுதான் முடிவு முழுசாகத் தெரியும். ஊற்றும் நேரத்தில் கரண்டியின் சாய்வும் கலவையின் இளக்கமும்தான் ஊற்றுபவருக்குத் துணை. தன் கையைத் தானே மதிப்பிடத் தெரியாதவர் அந்த வேலையில் நிற்க முடியாது.

இன்னொரு தவறு, மூத்தவரின் மணிக்கட்டை அப்படியே நகலெடுக்கச் சொல்வது. "அப்பத்தா கை எப்படி மடங்கிச்சு பாரு" என்று நானும் சொன்னேன். 1920-களில் மாஸ்கோவில் உடலசைவை ஆராய்ந்த விஞ்ஞானி நிக்கோலாய் பெர்ன்ஸ்டைன், சுத்தியல் அடிக்கும் தொழிலாளர்களின் அசைவைப் படமெடுத்து அளந்தார். கைதேர்ந்தவர்களின் சுத்தியல் முனை ஒவ்வொரு அடிக்கும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்தது. தோளும் முழங்கையும் மணிக்கட்டும் போன வழி அடிக்கு அடி மாறியது. ஒரு மூட்டு விலகினால் இன்னொன்று ஈடுகட்டியது. முறுக்கு மாவும் அப்படித்தான். மழைநாளில் ஒரு பதம், வெண்ணெய் கூடினால் இன்னொரு பதம். அப்பத்தாவின் கை ஒவ்வொரு உருண்டைக்கும் புதிதாக வழி கண்டுபிடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து ஒரே ஒரு மடிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு பயனில்லை. விரல் குட்டையாக இருக்கும் பெண்ணுக்கு வேறு மடிப்புதான் வரும், வரட்டும். விரலைப் பார்க்காமல் சுற்று விழும் இடத்தைப் பார்க்கச் சொன்னால் பெரும்பாலும் கை தானே வழி கண்டுகொள்கிறது.

"கையிலேயே ஊறிப்போச்சு" என்பது நல்ல பேச்சு. ஆனால் கலை தசையில் சேர்ந்துகிடப்பதாக அர்த்தம் எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் கையெழுத்தைத் தாளில் விரலால் போடுங்கள், பிறகு சுவரில் தோளை அசைத்துப் பெரிதாகப் போடுங்கள். வேறு தசைகள், அதே சாயல். அதே மாதிரி, வாயால் விளக்கத் தெரிவதும் கைக்குத் தெரிவதும் ஒன்றில்லை. வலிப்புக்காக 1953-ல் மூளையில் அறுவை செய்துகொண்ட ஹென்றி மோலைசனுக்குப் புதிய நினைவுகள் தங்கவில்லை. கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரைய உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்குப் பயிற்சி கொடுத்தார். மூன்று நாளில் தவறு குறைந்துகொண்டே வந்தது. முந்தைய நாள் வரைந்ததே அவருக்கு நினைவில்லை. ஆகவே முதல் நாளே மணிக்கணக்கில் விளக்கம் சொல்வது வீண்.

ஒரே மூச்சில் பழகுவதையும் விடுங்கள். பிரிட்டனில் தபால் ஊழியர்களுக்குத் தட்டச்சுப் பலகை பழக்கியபோது, தினம் ஒரு மணி நேரம் பழகியவர்கள், தினம் நான்கு மணி நேரம் பழகியவர்களைவிட மொத்தத்தில் குறைந்த மணிகளிலேயே கற்றார்கள் (1978). ஆனால் நாள் கணக்கில் இழுத்ததால் அந்த ஒரு மணி நேரக்காரர்களுக்குத்தான் தங்கள் முறை பிடிக்கவில்லை. பழகுபவரின் திருப்தியை வைத்து முறையை எடைபோட முடியாது என்று எனக்கு அதிலிருந்து தெரிந்தது. இரவுத் தூக்கமும் பயிற்சியில் சேர்ந்ததுதான். ஐந்து சுற்றையே நாற்பது தடவை சுற்றாமல் மூன்று, ஐந்து, ஏழு என்று கலந்து பழகுங்கள். அன்றைக்குத் தடுமாறும், பத்து நாள் கழித்து நிற்கும்.

அண்ணன் மகள் அடுத்த மூன்று நாளும் சாயங்காலம் ஒரு மணி நேரம் சுற்றினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள், துணியைப் பார்க்காமலேயே "நாலாவது சுத்துல அழுத்திட்டேன் அத்தை" என்றாள். போய்ப் பார்த்தேன். நாலாவது சுற்று தட்டையாகத்தான் இருந்தது.